பறவைப் படமும் கட்டைவிரலும்

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு உண்டிவில்லைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. லாஸ்டிக் என்று சொன்னாலே போதும். கொய்யா மரத்துக் கவட்டையை வெட்டி, பழைய சைக்கிள் டியூபைக் கட்டிவிட்டால் ஆயுதம் தயார். ஒரு கை கவட்டையைப் பிடித்துக் குறி பார்க்கும். மற்றொரு கை கல்லை இழுத்து விடும். குறி பார்ப்பது ஒரு வேலை. விடுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே கை செய்ய வேண்டியிருந்தால் ஒரு மாங்காய்கூட விழுந்திராது.

அந்தக் கல்லுக்கு மைனாவும் மீன்கொத்தியும் இரையானதை நாம் மறைக்க வேண்டாம். இன்று காலம் மாறியிருக்கிறது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருவாய்ச்சி முதலிய பல பறவைகளைக் காக்கிறது. உண்டிவில் பிடித்தவர்களின் பிள்ளைகளில் சிலர் கேமராவைத் தூக்கிக்கொண்டு செம்பனைக் காட்டோரமும் ஆற்றங்கரையும் சுற்றுகிறார்கள். ஆனால் பழைய கேள்வி அவர்களையும் விடவில்லை. குறி பார்க்கும் வேலையும் விடும் வேலையும் ஒரு விரலிலா, இரண்டு விரலிலா? இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இன்று அதைப் பார்ப்போம்.

முதலில் 'குவியம்' என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பள்ளிப் பருவத்தில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் காகிதத்தின்மேல் பாய்ச்சிப் புகை வரவழைத்திருப்போம். கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்தினால், ஓரிடத்தில் மட்டும் ஒளி சிறு புள்ளியாகக் கூடும். கேமராவின் லென்ஸும் அப்படித்தான். பொருள் இருக்கும் தூரத்துக்கு ஏற்ப அதை நகர்த்தினால்தான் உருவம் தெளிவாக விழும். இதையே குவியப்படுத்துதல் என்கிறோம்.

வீட்டுத் திருமணத்தில் பந்தலுக்குள் எடுக்கும் படத்தில் சற்றுப் பிசகினாலும் பெரிய கேடில்லை. பறவைப் படத்துக்கு நீண்ட லென்ஸ் வேண்டும். 400 மில்லிமீட்டர் லென்ஸின் துளையை 5.6 அளவில் திறந்து வைத்து, 5 மீட்டர் தூரத்திலுள்ள மீன்கொத்தியை எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முழு அளவுச் சட்டம் கொண்ட கேமராவில் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான். வால் தெளிவாகவும் கண் மங்கலாகவும் விழுந்துவிட்டால் அந்தப் படத்தில் உயிர் இராது.

ஆரம்ப காலத்தில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள் 1892இல் பறவைக் கூடு ஒன்றைப் படம் எடுத்தனர். 1895இல் அவர்களுடைய கூட்டுப் படங்களைக் கொண்டே ஒரு நூல் வெளிவந்தது. பறவைகள் அஞ்சாமலிருக்க, பதனிட்ட மாட்டுத்தோலால் செய்த பொம்மை மாட்டுக்குள் ஒளிந்திருந்தும் படம் எடுத்தவர்கள் அவர்கள். அக்காலக் கேமராவின் பின்பக்கத்தில் ஒரு மங்கல் கண்ணாடி இருக்கும். அதில் உருவத்தைப் பார்த்துக் குவியத்தைச் சரிசெய்த பிறகே படத்தகட்டைச் செருக முடியும். தகடு செருகிவிட்டால் உருவம் தெரியாது. ஆகவே பறவை வந்து அமரும் இடத்தை முன்கூட்டியே அறிந்து, அவ்விடத்தில் குவியத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். குறி பார்ப்பது காலையில். சொடுக்குவது நண்பகலில் என்றுகூட இருக்கலாம். இரு வேலைகளும் முற்றிலும் பிரிந்தே இருந்தன.

நம் மண்ணிலும் இக்கலையில் பெயர் பெற்றவர் ஒருவர் உண்டு. லோக் வான் தோ 1915இல் கோலாலம்பூரில் பிறந்தவர். இவருடைய தந்தையார் லோக் இயூ, பேராக்கின் லாருட் பகுதியில் ஈயத் தொழிலில் இறங்கிப் பின்னாளில் பெருஞ்செல்வரானவர். 1942இல் சிங்கப்பூரை விட்டு வெளியேறியபோது மகன் சென்ற கப்பல் ஜப்பானியர் குண்டு வீச்சில் மூழ்கியது. உடல் தீக்காயப்பட்டுச் சிறிது காலம் கண் பார்வையும் இல்லாதிருந்தார் அவர். பிறகு இந்தியா சென்று, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் நட்பைப் பெற்றார். பார்வையை இழந்து மீண்டும் பெற்ற அந்த மனிதர், பறவைகளைப் பார்ப்பதிலும் படமெடுப்பதிலும் தம் ஓய்வையெல்லாம் செலவிட்டார். 1957இல் அவருடைய பறவைப் பட நூல் வெளிவந்தது. 1964இல் தைவானில் நிகழ்ந்த விமான விபத்தில் காலமானார்.

தமிழர்களில் மா. கிருஷ்ணனைக் குறிப்பிட வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர் 1912இல் பிறந்தார். இயற்கையைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பி எடுத்தார். பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தமக்கென ஒரு கேமராவை அமைத்துக்கொண்டு, அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். விலை கொடுத்து வாங்கிய கருவி தம் கைக்குப் பொருந்தாவிட்டால், கருவியைக் கைக்குப் பொருந்தச் செய்துகொண்டவர் அவர்.

இவர்கள் காலத்தில் குவியம் கையின் வேலை. இடக்கை லென்ஸின் வளையத்தைத் திருப்பும். வலக்கைச் சுட்டுவிரல் சொடுக்கும். பறக்கும் பறவைக்கு வளையம் திருப்பும் வேகம் போதவில்லை. அதற்காக ஜெர்மனியின் நோவோஃபிளெக்ஸ் நிறுவனம், துப்பாக்கிப் பிடிபோன்ற பிடியுள்ள லென்ஸைச் செய்தது. பிடியை அழுத்தினாலும் தளர்த்தினாலும் குவியம் முன்னும் பின்னும் ஓடும். அதிலும் குறி பார்க்கும் கை வேறு, சொடுக்கும் விரல் வேறு. நம் உண்டிவில்லின் முறைதான்!

பிறகு இயந்திரம் குறுக்கிட்டது. 1977இல் ஜப்பானின் கோனிக்கா நிறுவனம், தானாகவே குவியம் காணும் சிறிய கேமராவைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது குடும்பப் படங்களுக்கானது, பறவைக்கு உதவாது. 1985இல் மினோல்டா 7000 வந்தது. லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய அந்தக் கேமராவின் உடலுக்குள்ளேயே குவியத்துக்கான மோட்டார் இருந்தது. லென்ஸின் இரு ஓரங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று கருவியே கணக்கிட்டது. 1987இல் கேனன் நிறுவனம் ஈ.ஓ.எஸ். 650 கேமராவை வெளியிட்டது. அதன் லென்ஸ்களுக்குள்ளேயே மோட்டார் பொருத்தப்பட்டது.

இந்தக் கருவிகளில் ஒரு புதிய வழக்கம் ஏற்பட்டது. மேலேயுள்ள பொத்தானைச் சுட்டுவிரலால் பாதி அழுத்தினால் குவியம் அமையும். முழுதாக அழுத்தினால் படம் விழும். இரண்டு கைகளின் வேலை ஒரு விரலுக்கு வந்துவிட்டது. புதிதாகப் பழகுபவருக்கு இது பெரிய வசதிதான். பறவைப் படக்காரருக்கோ சங்கடம் தொடங்கிற்று.

எப்படி என்று பாருங்கள். கிளையில் கொண்டைக் குருவி அமர்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு இலைகள் ஆடுகின்றன. பாதி அழுத்திக் கண்ணில் குவியம் கண்டு ஒரு படம் எடுத்துவிட்டோம். விரலைத் தூக்கி மறுபடியும் அழுத்தினால், கருவி மறுபடியும் தேடத் தொடங்கும். இலைதான் அதற்கு முதலில் தென்படும். இலை தெளிவாகவும் குருவி புகையாகவும் படம் விழும். ஒரு முறை கண்ட குவியம் மாறாமலிருக்கும்படி கருவியை அமைத்தால், குருவி பறக்கும்போது பின்தொடர முடியாது. இடைவிடாமல் தொடரும்படி அமைத்தால், அமர்ந்திருக்கும் குருவியை நடுப்புள்ளியிலிருந்து விலக்கிப் படத்தின் ஓரத்தில் அமைக்க முடியாது. விசையை மாற்றி மாற்றி வைப்பதற்குள் பறவை போய்விடும்.

1989இல் இதற்கு ஒரு வழி பிறந்தது. கேனன் ஈ.ஓ.எஸ். 630 கேமராவில், உரியவர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் சில அமைப்புகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, குவியம் காணும் வேலையைச் சுட்டுவிரலிடமிருந்து எடுத்து, கேமராவின் பின்புறத்தில் கட்டைவிரல் படும் பொத்தானுக்குக் கொடுத்தது. இனிச் சுட்டுவிரல் சொடுக்க மட்டுமே. பிரிந்திருந்த இரு வேலைகளை இயந்திரம் ஒன்றாக்கியது. சில ஆண்டுகளுக்குள்ளேயே மனிதர் மீண்டும் பிரித்துக்கொண்டார்கள்.

பிறகு இதற்கெனவே தனிப் பொத்தான் வந்தது. 1996இல் வெளிவந்த நிக்கான் எஃப் 5 கேமராவின் பின்புறத்தில் அது இருந்தது. மா. கிருஷ்ணன் மறைந்ததும் அதே ஆண்டில்தான். 2007இல் கேனனின் 40டி போன்ற கேமராக்களிலும் தனிப் பொத்தான் இடம்பெற்றது. 2019, 2020ஆம் ஆண்டுகளிலிருந்து விலங்கு, பறவைகளின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் கேமராக்கள் வந்துள்ளன. எனினும் பின்பொத்தான் மறையவில்லை. எந்தக் கண்ணை எடுப்பது, எப்போது தேடுவது, எப்போது தேடாமலிருப்பது என்று சொல்ல இன்னும் ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

இதைப் பழகும் முறை கடினமன்று. பழைய கேமரா வைத்திருக்கும் தம்பி தங்கைகளும் செய்யலாம். கேமராவின் அமைப்புப் பட்டியலில் பொத்தான்களின் வேலையை மாற்றும் பகுதி இருக்கும். அங்கே குவியத்தைப் பின்பொத்தானுக்கு மாற்றி, சுட்டுவிரல் பொத்தானிலிருந்து நீக்கிவிட வேண்டும். இடைவிடாமல் தொடரும் குவிய முறையை வைத்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரலை அழுத்திக்கொண்டே இருந்தால் கருவி பறவையைத் தொடரும். விரலை எடுத்தால் குவியம் அங்கேயே நிற்கும். விசை எதையும் மாற்ற வேண்டியதில்லை.

வடக்கே பெலூம், தெமெங்கோர் காட்டில் இருவாய்ச்சி பறக்கும்போது அதன் சிறகோசை முன்னதாகவே காதில் விழும். அப்போது கட்டைவிரலை அழுத்தித் தொடர்ந்து செல்லலாம். தோட்டத்துக் கால்வாய்க் கரையில் மண்ணைக் குடைந்து கூடு வைக்கும் வெண்மார்பு மீன்கொத்திக்கு வேறு முறை. அது இரையோடு வந்து அமரும் கம்பை நெடுந்தூரத்திலிருந்தே பார்த்துக் குவியம் வைத்து, கட்டைவிரலை எடுத்துவிட வேண்டும். பிறகு எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கலாம். பறவை வந்ததும் சுட்டுவிரல் மட்டும் அசைந்தால் போதும். 1892இல் கியர்ட்டன் சகோதரர்கள் செய்ததும் இதுதானே!

இதில் குறையே இல்லை என்று சொல்லமாட்டோம். பழக்கமில்லாத முதல் சில நாள்களில் கட்டைவிரலை அழுத்த மறந்துபோகும். படமெல்லாம் மங்கலாக விழும். அக்காளிடம் கேமராவைக் கொடுத்து, "என்னை ஒரு படம் எடுங்கள்" என்றால் அவருக்கு விளங்காது. குவியத்தை நிறுத்திய பின் பறவை சற்று முன்னால் தத்தினாலும், முன்பு சொன்ன 5 சென்டிமீட்டர் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும். கை பழகும்வரை மைனாவையும் வீட்டுக் கோழியையும் எடுத்துப் பயிற்சி செய்வது நல்லது.

ஒரு பொத்தானுக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்கலாம். இதில் பறவையின் உயிர் அடங்கியிருக்கிறது, நேயர்களே. படம் தெளிவாக விழாதவர் என்ன செய்கிறார்? இன்னும் நான்கு அடி முன்னே போகிறார். கூட்டை மறைக்கும் செடியை விலக்குகிறார். தாய்ப்பறவை மிரண்டு வெளியிலேயே நின்றால் முட்டை குளிர்ந்துவிடும். குஞ்சு வெயிலில் வாடும். விலக்கிய செடி வழியே பாம்பும் காகமும் கூட்டைக் கண்டுகொள்ளும். ஆபத்து மனிதருக்கும் உண்டு. எரிக் ஹாஸ்கிங் என்ற புகழ்பெற்ற பறவைப் படக்காரர், 1937இல் ஆந்தைக் கூட்டருகே சென்றபோது ஆந்தை தாக்கியதால் இடக்கண்ணை இழந்தார். அதன் பின்னும் பல ஆண்டுகள் பறவைகளைப் படமெடுத்த அவர், கூட்டைக் காக்கும் தாயின் சினத்தை உடலால் அறிந்தவர். கருவியைத் தன் விரலுக்கு அடக்கியவர் தூரத்திலேயே நின்று வேலையை முடித்துக்கொள்வார். கூட்டை நெருங்காமலிருக்க உதவும் எந்தத் திறமையும் சிறிய திறமை ஆகாது.

இதைத் தோட்டத்து மக்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும்: உளி ஆழமாகப் போனால் மரம் காயப்படும்; மேலாகப் போனால் பால் வராது. அந்த அளவைச் சொல்லித் தந்தது உளியன்று. விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் பழகிய கையும் கண்ணுமே சொல்லித் தந்தன. கேமராவிலும் மோட்டார் எவ்வளவு விரைவாகச் சுழன்றாலும், எப்போது சுழல வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் நாம்தான்.

நம் வட்டாரத்தில் ரப்பர் நிரைகள் பலவும் செம்பனையாகிவிட்டன. லயங்கள் பல இடிந்துபோயின. எந்தப் பறவை எங்கே இருந்தது என்பதும் மெல்ல மறக்கப்படுகிறது. ஆகவே படமெடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு படத்துக்கும் தேதியையும் பறவையின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் குறித்து வையுங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் ஊருக்குச் சொல்லாதீர்கள். அப்பாவும் தாத்தாவும் லாஸ்டிக் பிடித்த அதே மரத்தடியில், நீங்கள் எடுத்த தெளிவான படம் ஒன்று நம் தோட்டத்தின் வரலாற்றில் ஒரு பக்கமாக நிற்கும்.