பரங்கிமலைச் சாலையில் இரண்டு சிலைகள்

சென்னைக் கோட்டைப் பகுதியைப் பரங்கிமலையோடு இணைத்த நெடுவழியை ஆங்கிலேயர் மவுண்ட் ரோடு என்றனர். பேரறிஞர் அண்ணாவின் மறைவுக்குப் (1969) பின்னர் அஃது அண்ணா சாலை எனப் பெயர் பெற்றது. 1844இல் தோன்றிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகசாலை, முகரம் நாளில் ஏற்றப்பெற்ற விளக்குகளால் பெயரெய்திய ஆயிரம் விளக்குப் பள்ளிவாசல், 1959இல் திறக்கப்பெற்ற 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் ஆகியன அதன் அடையாளங்கள். எனினும், அச்சாலையின் உள்ளத்தை உணர்த்துவன இரண்டு சிலைகளே. ஒன்று நிற்கிறது, மற்றொன்று நீங்கியது.

நிற்பது தாமஸ் மன்றோவின் சிலை. 1820 முதல் 1827 வரை மாகாண ஆளுநராக இருந்த அவர், இடைத்தரகரின்றி உழவரிடமே வரி பெறும் ரயத்துவாரி முறையை வேரூன்றச் செய்தவர். வரிச்சுமை குறைந்துவிடவில்லை, ஆயினும் உழவனை நேர்நின்று கண்ட ஆட்சியாளர் என்னும் நற்பெயர் அவருக்கு எஞ்சியது. பொதுமக்கள் நன்கொடையில் சான்ட்ரி வடித்த அவ்வெண்கலச் சிலை 1839இல் நிறுவப்பெற்றது. குதிரைக்குச் சேணமில்லை, அங்கவடியில்லை என்று வழிச்செல்வோர் இன்றும் வியப்பர்.

நீங்கியது, ஸ்பென்சர் கட்டடத்துக்கு அருகே நின்ற ஜேம்ஸ் நீலின் சிலை. சென்னைப் படைப்பிரிவொன்றின் தலைவனான அவன், 1857 கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் புரிந்த கொடுமைகள் சொல்லில் அடங்கா. அவனுக்கு இம்மண்ணில் சிலையா என்று 1927இல் தொண்டர்கள் அணியணியாகத் திரண்டு சிறை புகுந்தனர். அறவழி பிறழாதிருக்குமாறு வலியுறுத்திக் காந்தியடிகள் அப்போராட்டத்துக்கு இசைவளித்தார்.

அவ்வணியில் நின்றவர் கடலூர் அஞ்சலையம்மாள். தம் இளமகள் அம்மாக்கண்ணுவையும் உடனழைத்து வந்தார். தாயும் மகளும் தண்டனை ஏற்றனர். அச்சிறுமிக்கு லீலாவதி எனப் பெயர் சூட்டியவர் காந்தியடிகள். 1937இல் அஞ்சலையம்மாள் சட்டமன்ற உறுப்பினரானார். அதே ஆண்டில், இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில், நீல் சிலை சாலையினின்று அகற்றப்பெற்றது. பின்னர் அஃது எழும்பூர் அருங்காட்சியகத்தில் அடங்கியது.

அந்நியர் என்பதற்காக எல்லாச் சிலைகளையும் இம்மக்கள் வீழ்த்தவில்லை. வெண்கலம் என்பதற்காக எல்லாவற்றையும் வணங்கவுமில்லை. எடைபோட்டே ஏற்றனர், எடைபோட்டே விலக்கினர். அந்த எடைக்கல்லாய் அமைந்தவர்களுள் ஒரு தாயும் சிறுமியும் உளர். சாலைகள் தலைவர் பெயரால் வழங்கும்; அவற்றில் நடந்து சிறை சென்றோர் பெயர் பாவலர் நாவால்தான் வழங்க வேண்டும்.