கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இணையக் கட்டணமும் வாடிக்கையாளரின் பேரமும்

பிராட்பேண்ட் என்று பரவலாக அழைக்கப்படும் அகலக்கற்றை இணையம், 2005க்குப் பிந்தைய ஆண்டுகளில் கடலூர், சிதம்பரம் வட்டார வீடுகளுக்கு வரத் தொடங்கியது. மாதக் கட்டணம் உயரும்போது சந்தாதாரர் சேவை நிறுவனத்திடம் எவ்வளவு தூரம் பேரம் பேச முடிந்தது என்பது அவரவர் பேச்சுத் திறமையைப் பொறுத்து அமையவில்லை. அவருடைய தெருவுக்கு இன்னொரு நிறுவனத்தின் கம்பி வந்திருந்ததா என்பதே அதைத் தீர்மானித்தது. சட்டமும் அவருக்குத் துணை நின்றது. ஆனால் விலையைக் குறைத்துத் தரும் துணையாக அது இருந்ததில்லை.

தொலைபேசி வழி இணையம்

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. முதலில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கே அது கிடைத்தது. மற்ற ஊர்களில் இருந்தவர்கள் மோடம் வைத்து, பெருநகர எண்ணை எஸ்.டி.டி.யில் அழைத்தே இணைய வேண்டியிருந்தது. அதனால் செலவும் இரட்டைச் செலவு: இணைய நேரத்துக்கு ஒன்று, தொலைபேசி அழைப்புக்கு ஒன்று. இரவு பதினொரு மணிக்கு மேல் எஸ்.டி.டி. கட்டணம் கால் பங்காகக் குறைந்துவிடும். கட்டணத்தைச் சமாளிக்க மக்கள் கையாண்ட முதல் வழி இப்படித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதாகவே இருந்தது.

1998இல் தனியார் நிறுவனங்களுக்கும் இணையச் சேவை திறந்துவிடப்பட்டது. அடுத்து வந்தவை பிரவுசிங் சென்டர்கள். 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களைப் போன்றவர்களுக்கு, சொந்த இணைப்பு இல்லாமல் மணிக்கணக்கில் பணம் கொடுத்து இணையத்தைப் பயன்படுத்த அவை வழி செய்தன. சென்டர்களில் விலை ஒப்பிடலாம். ஒரு கடை பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். வீட்டுத் தொலைபேசிக்கு அந்த வசதி கிடையாது. தொலைத்தொடர்புத் துறையும், 2000 அக்டோபர் 1 அன்று அதிலிருந்து உருவான பி.எஸ்.என்.எல். நிறுவனமும் நிர்ணயித்த கட்டணமே கட்டணம். கவுன்ட்டரில் அமர்ந்திருந்த எழுத்தருக்கு அதில் ஒரு ரூபாயைக் குறைக்கவும் அதிகாரம் இல்லை.

இதே காலத்தில் கடலூருக்கு மேற்கே நெல்லிக்குப்பத்தில் வேறொரு முயற்சி நடந்தது. 1842 முதல் அங்கே சர்க்கரை ஆலை நடத்திவரும் பாரி நிறுவனம், கரும்பு விவசாயிகளுக்காகக் கிராமங்களில் இணைய மையங்களை அமைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பம் அவற்றுக்கு இணைப்பைத் தந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வினாடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் கிடைக்கும். பேச்சு இல்லையென்றால் 70 கிலோபிட். இன்று அந்த வேகம் சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் ஒரு வீட்டால் தாங்க முடியாத கட்டணத்தை ஓர் ஊரே பகிர்ந்துகொள்ளலாம் என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது.

டேட்டாஒன் ஆண்டுகள்

2004 அக்டோபரில் நடுவண் அரசு வெளியிட்ட அகலக்கற்றைக் கொள்கை, குறைந்தது 256 கிலோபிட் வேகம் உள்ள இணைப்பையே பிராட்பேண்ட் என வரையறுத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் சேவையைத் தொடங்கியது. அதன் ஹோம் 500 திட்டத்துக்கு மாதம் 500 ரூபாய். வேகம் 256 கிலோபிட். அளவு 400 மெகாபைட். முழு வேகத்தில் இறக்கினால் அந்த அளவு மூன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மாதத்தின் மீதி நாட்களில் பார்ப்பதற்கெல்லாம் மெகாபைட் கணக்கில் தனிக் கட்டணம் ஏறும். அறிவிக்கப்பட்ட விலை ஒன்று, வீட்டுக்கு வரும் பில் வேறொன்று என்ற அனுபவம் பலருக்கு இங்கேதான் தொடங்கியது.

2007 தொடக்கத்தில் வேகம் 2 மெகாபிட் வரை கூட்டப்பட்டது. இது நல்ல செய்திதான். ஆனால் 400 மெகாபைட் அளவு இந்த வேகத்தில் அரை மணி நேரம்கூடத் தாங்காது. விலைப்பட்டியலில் ஒரு எண்ணும் மாறாமலே பில் உயரக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அன்றைய பேரம் என்பது திட்டம் மாறுவதுதான். அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை கணக்கில் சேராத திட்டங்கள் இருந்தன. அவற்றை எடுத்தவர்கள் இரவில் கணினியைத் தானாக இறக்கும்படி வைத்துவிட்டுத் தூங்கினர். அளவில்லாத திட்டம் வேண்டுமென்றால் 256 கிலோபிட் வேகத்தோடு யுஎல் 750 போன்றவை இருந்தன. எது தனக்கு மலிவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரிந்தவருக்கு மாதம் சில நூறு ரூபாய் மிச்சமானது. தெரியாதவர் கூடுதலாகக் கட்டினார்.

சந்தாதாரரிடம் இருந்த இன்னொரு பிடி, பழுதுக்கான வாடகைக் கழிவு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2006 அக்டோபரில் அகலக்கற்றைச் சேவைத்தர விதிகளைக் கொண்டுவந்தது. பழுது மூன்று வேலை நாட்களைத் தாண்டினால் ஏழு நாள் வாடகை, ஏழு நாட்களைத் தாண்டினால் பதினைந்து நாள் வாடகை, பதினைந்தையும் தாண்டினால் ஒரு மாத வாடகை கழிக்கப்பட வேண்டும் என்றன அவ்விதிகள். கடலூர் கடற்கரைக்கு இது வெறும் காகித விதி அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், கடலூரில் மரங்களையும் கம்பங்களையும் சாய்த்தது. 2015 மழை வெள்ளத்திலும் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. செப்புக் கம்பி ஈரத்தில் கெடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட அதில் வேகமும் குறையும். இத்தகைய ஊரில் மாதக் கட்டணத்தைவிட, இணைப்பு எத்தனை நாள் வேலை செய்தது என்பதே உண்மையான விலை.

இரண்டாவது கம்பி

வீட்டுக்கு வந்த இரண்டாவது கம்பி பெரும்பாலும் கேபிள்காரருடையது. கேபிள் தொலைக்காட்சியில் விலை எப்படி முடிவாகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு. 2007இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம், 2011 செப்டம்பர் 2 முதல் சென்னை நீங்கலாக மற்ற இடங்களில் மாதம் 70 ரூபாய்க்குச் சேவை வழங்கியது. அங்கே விலையை இறக்கியது சந்தாதாரரின் பேரம் அல்ல, அரசு. இணையத்துக்கு அப்படி ஓர் உச்சவிலை வரவில்லை. டிராய் பெரும்பாலும் கட்டணத்தை நிறுவனங்களின் முடிவுக்கே விட்டுவிடுகிறது. கட்டணம் நடைமுறைக்கு வந்த ஏழு வேலை நாட்களுக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே அதன் முக்கிய நிபந்தனை.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ கைப்பேசிச் சேவையும், 2019இல் அதே தேதியில் அதன் ஃபைபர் சேவையும் தொடங்கின. ஃபைபரின் தொடக்க விலை 699 ரூபாய். ஓராண்டுக்குள் 399 ரூபாய்த் திட்டம் வந்தது. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 399 என்பது 470 ரூபாய் 82 காசு. விளம்பரத்தில் முதல் எண்ணும் பில்லில் இரண்டாவது எண்ணும் இருக்கும் என்பதால், பேரத்தை எந்த எண்ணில் தொடங்குவது என்பதே பாதிக் காரியம்.

இதற்கிடையில் பி.எஸ்.என்.எல். பக்கம் ஒரு பெரிய மாற்றம். 2020 ஜனவரி 31 அன்று, நாடெங்கும் ஏறத்தாழ 78,500 ஊழியர்கள் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினர். லைன்மேன் செய்த வேலையில் பெரும்பகுதி, வருவாயில் பங்கு பெறும் உள்ளூர்க் கூட்டாளிகளின் கைக்குப் போனது. அரசு நிறுவனத்தின் இணைப்பிலும் வாசலுக்கு வருபவர் இப்போது பெரும்பாலும் ஒரு தெரிந்த கேபிள்காரர்தான். அவரால் திட்டத்தின் விலையை மாற்ற முடியாது. ஆனால் இணைப்புக் கட்டணம், மோடத்துக்கான தொகை, ஆறு மாதம் அல்லது ஓராண்டு மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் சலுகை, இடம் மாறும்போது கம்பியை இழுத்துத் தரும் செலவு ஆகியவற்றில் பேச இடமுண்டு. எதிர்த்த வீட்டில் வேறு நிறுவனத்தின் ஃபைபர் வந்துவிட்டால் அந்த இடம் இன்னும் விரியும். வேறு இணைப்பே எட்டாத உள்கிராமத்தில், எவ்வளவு நயமாகக் கேட்டாலும் அதே விலைதான்.

வெளியேறும் வாய்ப்புக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதைக் கைப்பேசிச் சந்தை காட்டியது. 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி நாடெங்கும் உள்ளது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது, ஜியோவின் 239 ரூபாய்த் திட்டம் 299 ஆனது. அந்த ஒரு மாதத்தில் பி.எஸ்.என்.எல். ஏறத்தாழ 29 லட்சம் கைப்பேசிச் சந்தாதாரர்களைக் கூடுதலாகப் பெற்றது. மற்ற மூன்று நிறுவனங்களும் இழந்தன. வீட்டு ஃபைபரில் அத்தகைய மாற்ற வசதி இல்லை. பழைய இணைப்பைத் துண்டித்து, புதியதற்கு மீண்டும் பணம் கட்ட வேண்டும். மூடிய இணைப்பின் வைப்புத்தொகையை அறுபது நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற விதி மட்டும் துணைக்கு இருந்தது.

சட்டத்தின் கதவு

டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. 2012 ஜனவரி விதிகளின்படி முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து எண் பெற வேண்டும். தீர்வு பிடிக்கவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். 2016 அக்டோபர் 31 அன்று டிராய் இட்ட உத்தரவு இன்னொரு பாதுகாப்பைத் தந்தது: திட்டத்தின் அளவு தீர்ந்த பிறகும் வேகத்தை 512 கிலோபிட்டுக்குக் கீழே குறைக்கக் கூடாது.

நிறுவனத்துக்கு வெளியே போவதற்கான கதவு நீண்ட காலம் மூடிக்கிடந்தது. தந்திச் சட்டத்தின் 7பி பிரிவு நடுவர் தீர்ப்பை வகுத்திருப்பதால், தொலைபேசிப் பில் தகராறுகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று 2009 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடுவரை நியமிப்பதோ நடுவண் அரசு. சில நூறு ரூபாய்க்காக அந்த வழியில் யார் போவார்? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவை என்பதன் வரையறையில் தொலைத்தொடர்பையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2022 பிப்ரவரி 16 அன்று, நுகர்வோர் மன்றங்களுக்கு இந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்தியது.

இந்த வட்டாரத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் கடலூரில் இருக்கிறது. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. புகார் செய்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்; நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் சரி. விலை உயர்ந்துவிட்டது என்பது மட்டும் ஆணையத்தின் முன் குறையாகாது. முன்கூட்டியே ஓராண்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு நடுவில் திட்டத்தை மாற்றியது, சொன்ன வேகத்தைத் தராதது, துண்டித்த பிறகும் பில் அனுப்பியது போன்றவை குறைகளாகும். அதற்குப் புகார் எண்ணும் பழைய பில்களும் கையில் இருக்க வேண்டும். 2020 செப்டம்பரில் தொடங்கிய இ-தாக்கில் இணையதளம் வழியாக மனுவைத் தாக்கல் செய்ய வழி பிறந்தது. மனு கொடுப்பதற்காகச் சிதம்பரத்துக்காரர் கடலூருக்குப் பேருந்து ஏற வேண்டிய கட்டாயம் அதோடு நீங்கியது. வீட்டில் இணையம் ஓடிக்கொண்டிருந்தால்.