முறைப்பாட்டு இலக்கம் 214

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது, களனி கங்கை கடலோடு கலக்கும் மட்டக்குளிக் கரையில் வசிக்கும் எங்களுக்குப் பெருஞ்சேதம் எதுவும் நேரவில்லை. அழிவு கிழக்கிலும் தெற்கிலும் வடக்கிலும் நிகழ்ந்தது. இலங்கையில் மாத்திரம் 35,000க்கும் அதிகமானோர் மாண்டும் காணாமலும் போயினர். அந்த நாட்களில் நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்திற்குத் தொலைநகலில் பட்டியல்கள் வந்தவண்ணம் இருந்தன. தேடுவோர் தொலைபேசியில் அழைத்தவண்ணம் இருந்தனர். ஒவ்வொரு விசாரணைக்கும் ஓர் இலக்கமிட்டு ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினோம். அழைத்தவரிடம் அந்த இலக்கத்தையும் சொல்லிவைத்தோம்.

ஒரு வாரத்தில் கொப்பி நிறைந்தது. யாவற்றையும் கணினியில் ஏற்றி, பெயர்களை அகர வரிசைப்படுத்திப் புதிய இலக்கமிட்டோம். அழகாகத்தான் இருந்தது. மறுநாள் கல்முனையிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். "தம்பி, என்ட நம்பர் 214" என்றார். கணினியில் 214ஆம் இலக்கத்தில் இருந்தவர் வேறொருவர். அந்த அம்மாவின் மகனுடைய பெயரைத் தேடினால், அது மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் மூன்று இடங்களில் இருந்தது. அவை மூவரா, ஒருவரா என்று சொல்ல எங்களால் இயலவில்லை.

அதே நாட்களில், இதே கொழும்பில், வேறு சிலர் இதே சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தனர். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனைச் சார்ந்தவர்களும் கணினித் துறைத் தொண்டர்களும் சேர்ந்து உருவாக்கிய திறந்த மூல மென்பொருளுக்குச் 'சகானா' என்று பெயர். சிங்களத்தில் 'நிவாரணம்' என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண அமைப்புகள் ஆகிய விபரங்களைப் பதிவதற்கான அந்த மென்பொருள், அரசாங்கம் அமைத்த தேசிய நடவடிக்கை நிலையத்தில் பயன்பட்டது. பின்னர் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010இல் ஹெய்ட்டியிலும் அது கைகொடுத்தது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன்மிக்க திட்டத்திற்கான விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சகானாவுக்கு வழங்கியது.

ஆயினும் எந்த மென்பொருளும் பிழையின்றிப் பிறப்பதில்லை. "இந்தப் பக்கம் திறக்கவில்லை", "இந்தப் பெயர் இருமுறை பதிவாகிறது" என்று பயன்படுத்துவோர் அறிவிப்பர். அவ்வறிவிப்புகளை இலக்கமிட்டு, யார் பொறுப்பேற்றார், எப்போது திருத்தினார், ஏன் நிராகரித்தார் என்று எழுதிவைக்கும் ஏடு ஒன்று ஒவ்வொரு திட்டத்துக்கும் உண்டு. பொலிஸ் நிலையத்து முறைப்பாட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொண்டால் போதும். சகானாவின் நிரல் முதலில் சோர்ஸ்போர்ஜ் தளத்தில் இருந்தது. 'ஈடன்' என்ற பெயரில் பைத்தன் மொழியில் அது மீண்டும் எழுதப்பட்டபோது லோஞ்ச்பாட் தளத்துக்குச் சென்றது. பின்னர் கிட்ஹப் தளத்தை அடைந்தது. ஈடனின் முறைப்பாடுகளோ 'ட்ராக்' எனும் மென்பொருளில் பதிவாகின. வீடு மாறும்போது தளபாடங்களை ஏற்றுவது எளிது. பழைய முகவரிக்கு வரும் கடிதங்கள்தான் தொல்லை.

இத்தகைய இடமாற்றம் எப்படி நடக்கிறது என்பதை அறிய, ஈடன் எழுதப்பட்ட அந்தப் பைத்தன் மொழியின் வரலாற்றையே பார்க்கலாம். பைத்தனின் முறைப்பாடுகளும் ஒரு காலத்தில் சோர்ஸ்போர்ஜில்தான் இருந்தன. 2006இல் புதிய ஏட்டைத் தெரிவுசெய்யக் குழுவொன்று அமைந்தது. ஜிரா, ரவுண்டப், லோஞ்ச்பாட், ட்ராக் ஆகிய நான்கையும் ஆராய்ந்த அக்குழு ஜிராவைப் பரிந்துரைத்தது. ஆனால் அது கட்டற்ற மென்பொருள் அன்று. ரவுண்டப்பைப் பராமரிக்கப் போதிய தொண்டர்கள் முன்வந்தால் அதையே ஏற்கலாம் என்றும் குழு கூறியிருந்தது. தொண்டர்கள் முன்வந்தனர். 2007 ஓகஸ்டில் இடமாற்றம் நடந்தது.

அப்போது அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு எங்கள் சீ.ஆர். கொப்பியை நினைவூட்டுகிறது. சோர்ஸ்போர்ஜ் வழங்கிய நீண்ட இலக்கங்களை அவர்கள் அழிக்கவில்லை. பழைய முறைப்பாடுகள் பழைய இலக்கங்களோடே புதிய ஏட்டில் அமர்ந்தன. புதியவற்றுக்குச் சிறிய இலக்கங்களிலிருந்து வேறு வரிசை தொடங்கியது.

2022 ஏப்ரலில் பைத்தன் மீண்டும் இடம்பெயர்ந்தது, இம்முறை கிட்ஹப்புக்கு. அங்கே இலக்கங்களை அப்படியே கொண்டுசெல்ல வழியில்லை. நிரல் 2017இலேயே அங்கு போய்விட்டதால், திருத்தக் கோரிக்கைகள் ஏராளமான இலக்கங்களை ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தன. கிட்ஹப்பில் கோரிக்கைக்கும் முறைப்பாட்டுக்கும் ஒரே வரிசைதான். எனவே ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் புதிய இலக்கம் வழங்கி, அருகே பழைய இலக்கத்தையும் பொறித்தனர். பழைய ஏட்டைப் புதிய முறைப்பாடு ஏற்காத, ஆனால் எவரும் படிக்கக்கூடிய நிலையில் விட்டுவைத்து, அதிலிருந்து புதிய இடத்துக்கு வழியும் காட்டினர். ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ ஒருவர் நிரலின் ஓரத்தில் குறித்துவைத்த இலக்கம் இன்றும் உரிய இடத்துக்கு அழைத்துச்செல்கிறது.

ரவுண்டப்பின் மூல வடிவமைப்பு கா-பிங் யீ என்பவருடையது. 2000ஆம் ஆண்டளவில் நடந்த ஒரு போட்டிக்காக அவர் வரைந்தது. அதே யீ, 2005இல் அமெரிக்காவைக் கத்ரீனா சூறாவளி தாக்கியபோது, காணாமற்போனோர் விபரங்களைப் பல தளங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்வதற்கான பொது வடிவம் ஒன்றை வேறு சிலருடன் சேர்ந்து எழுதினார். அதிலே ஒரு பதிவு எத்தனை ஏடுகளுக்குப் பிரதியானாலும், அது முதலில் பதிவான தளத்தின் பெயரும் அங்கே பெற்ற இலக்கமும் அதனுடனேயே பயணிக்கும். ஒரே மனிதர் மூன்று தளங்களில் தோன்றினாலும், அவை ஒரே பதிவின் பிரதிகளா, வெவ்வேறு பேர் தந்த தகவலா என்று பிரித்தறியலாம். நாங்கள் கல்முனை அம்மாவிடம் சொல்ல இயலாமற்போனது அதைத்தான்.

இரண்டு ஏடுகளும் ஒருவரின் கையிலிருந்து வந்தது தற்செயலா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. இலக்கம் என்பது ஏட்டை வைத்திருப்பவரின் வசதிக்காக உள்ளது அன்று. முறையிட்டவருக்குக் கொடுத்த வாக்கு அது. அகர வரிசை எங்களுக்குத் தேவைப்பட்டது. 214 அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது.

அன்றிரவு நாங்கள் இருவர் அமர்ந்து, கொப்பியைப் புரட்டி, கணினிப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பழைய இலக்கத்தை ஏற்றினோம். விடியும்வரை ஆயிற்று. அந்த அம்மாவின் மகனைப் பற்றிய செய்தி எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அடுத்தமுறை அவர் அழைத்தபோது, பெயரைக் கேட்காமலே "ஓம் அம்மா, 214" என்று என்னால் சொல்ல முடிந்தது.