சங்கர் (கே. சி. சிவசங்கரன்)

சங்கர் (1924–2020) என்னும் பெயரால் அறியப்பட்ட காரத்தொழுவு சந்திரசேகரன் சிவசங்கரன், அம்புலிமாமா என்னும் சிறுவர் மாத இதழில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பணியாற்றிய தமிழ்நாட்டு ஓவியர். அரசரும் முனிவரும் அரக்கரும் பூதங்களும் உலவும் மாயக்கதைகளுக்கு ஏராளமான கோட்டோவியங்கள் வரைந்தவர். விக்கிரமாதித்தன்–வேதாளம் கதைவரிசைக்கு வரைந்த படங்களே அவருக்கு மிகுந்த புகழைத் தந்தன.

இளமையும் கல்வியும்

அவர் பிறந்த ஊர் ஈரோட்டை அடுத்த ஒரு சிற்றூர் என்று பல குறிப்புகள் பொதுப்படக் கூறுகின்றன. பெயரின் முதலெழுத்து சுட்டும் காரத்தொழுவு பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தந்தை பள்ளி ஆசிரியர். சிறுவயதிலேயே சென்னைக்கு வந்து அங்குப் பள்ளிக் கல்வி பெற்ற சிவசங்கரன், 1940களின் முற்பாதியில் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்றார். அப்போது அப்பள்ளியின் முதல்வராக இருந்தவர் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. படிப்பை முடித்தபின் 1946இல் கலைமகள் இதழில் ஓவியராகச் சேர்ந்தார்.

அம்புலிமாமா

திரைப்படத் தயாரிப்பாளர்களான நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கில் சந்தமாமா என்றும் தமிழில் அம்புலிமாமா என்றும் தொடங்கிய இவ்விதழ், பின்னர் மலையாளம், மராத்தி, ஒடியா முதலிய மொழிகளிலும், சிறிது காலம் இலங்கைக்கெனச் சிங்களத்திலும் வெளிவந்தது. சங்கர் இதில் சேர்ந்த ஆண்டு 1951 என்றும் 1952 என்றும் இருவகையாகக் கூறப்படுகிறது. சென்னை வடபழனியில் இயங்கிய இதழ் அலுவலகத்தில் அப்போது சித்ரா, எம். டி. வி. ஆச்சாரியா ஆகியோரும், பின்னர் வட்டாதி பாப்பய்யா என்னும் வபாவும் ஓவியர்களாக விளங்கினர். தாசரி சுப்ரமணியம் எழுதிய சாகசத் தொடர்களுக்குப் பெரும்பாலும் சித்ரா படம் வரைய, சங்கர் வேதாளக் கதைகளோடு இதிகாச, புராணக் கதைகளுக்கும் படங்கள் வரைந்தார்.

கதைகள் மொழிக்கு மொழி பெயர்க்கப்பட்டபோதும் படங்கள் எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவாகவே இருந்தன. ஆகவே ஓவியர் வரையும் அரண்மனையும் ஆடையும் அணிகலனும் ஒரு வட்டாரத்துக்கே உரியனவாகத் தோன்றாமல், ஒடிசாவில் படிக்கும் குழந்தையும் மதுரையில் படிக்கும் குழந்தையும் தத்தம் கதையுலகமாக ஏற்கத்தக்கவாறு அமைய வேண்டியிருந்தது. சங்கரின் படங்களில் காணும் தூண்களும் தோரணங்களும் கோயில் சிற்பங்களின் சாயல் கொண்டவையாயினும், குறிப்பிட்ட எந்தக் கோயிலையும் படியெடுத்தவை அல்ல. உட்பக்கங்கள் நீண்ட காலம் ஓரிரு நிறங்களில் மட்டுமே அச்சானதால், இருளையும் ஒளியையும் தசைத் திரட்சியையும் பேனாக் கோட்டின் தடிப்பாலும் நெருக்கத்தாலுமே காட்ட வேண்டியிருந்தது. ஆடை மடிப்புகள், பிடரி சிலிர்த்த குதிரைகள், மண்ணை விட்டு மேலெழுந்து முறுக்கிய மரவேர்கள் ஆகியவற்றில் அவருடைய கோடு செலுத்திய பொறுமை தனியே குறிப்பிடத்தக்கது. கதைக்கு இன்றியமையாத உருவங்களுக்குக் காட்டிய கவனத்தையே மூலையில் நிற்கும் காவலனின் கால்தண்டைக்கும் அவர் காட்டினார்.

வேதாளப் படங்கள்

வேதாளம் என்பது பிணத்துக்குள் புகுந்து பேசும் ஆவி. அது கூறும் இருபத்தைந்து கதைகளின் தொகுதி வேதாள பஞ்சவிம்சதி எனப்படும். சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய கதாசரித்சாகரத்திலும் இது இடம்பெறுகிறது. மன்னன் விக்கிரமாதித்தன் சுமந்துசெல்லும் பிணத்திலிருந்து வேதாளம் கதை சொல்லும் இந்தச் சட்டகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, முடிவில் விடுகதை போன்ற ஒரு கேள்வி எழும்வகையில் புதிய கதைகளை அமைத்து, மூலத்தின் எண்ணிக்கையைக் கடந்து அம்புலிமாமா பல ஆண்டுகள் வெளியிட்டு வந்தது. இவ்வரிசையின் தொடக்ககாலப் படங்கள் யாவும் சங்கருடையவை என்று உறுதியாகக் கூறுவதற்கில்லை. எனினும், உருவிய வாளுடன் பிணத்தைத் தோளில் சுமந்து நள்ளிரவுச் சுடுகாட்டில் நடக்கும் மன்னனின் உருவம் அவருடைய கைவண்ணமாகவே நிலைபெற்றது.

அப்படத்தில் மன்னன் அச்சமின்றி நேரே நடக்கிறான். அவன் தோளில் தொங்கும் வேதாளமோ பேச்சில் முனைந்திருக்கிறது. சுற்றிலும் கிடக்கும் எலும்புகளால் திகில் எழுந்தாலும், மன்னனின் உறுதியான நடை படிக்கும் சிறுவருக்குத் துணிவு தருகிறது. இதழில் ஒவ்வொரு கதையும் மன்னன் பிணம் தொங்கும் மரத்தை நோக்கித் திரும்பி வருவதோடு தொடங்கியதால், அதே காட்சியை மாதந்தோறும் கண்ட வாசகர் மனத்தில் அது வேதாளத்தின் நிலையான உருவமாகவே பதிந்தது. சங்கரின் பங்களிப்பில் தலையாயது இதுவே எனலாம்: பல மொழிகளில் வழங்கிய ஒரு பழங்கதைக்கு, அம்மொழிகள் அனைத்துக்கும் பொதுவான முகம் ஒன்றை அவர் தந்தார்.

பிற்காலம்

1990களின் இறுதியில் சிறிது காலம் நின்றுபோய் மீண்டும் வெளிவந்த இதழ், 2007இல் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் நிறுவனத்தின் கைக்கு மாறி, 2013ஐ ஒட்டி நின்றுவிட்டது. அதன்பின் சங்கர் ஸ்ரீ ராமகிருஷ்ண விஜயம் இதழுக்கு ஓவியங்கள் வரைந்தார். 2020 செப்டம்பர் 29 அன்று சென்னையில் காலமானார். அன்றைய செய்திகள் சில அவருடைய வயதை 97 எனக் குறிப்பினும், பிறப்பாண்டு 1924 எனக் கொண்டால் அது 96 ஆகும். இந்திய அரசு 2021இல், மறைவுக்குப் பின், அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.