பழங்கொடியின் சுவை

தென்னாப்பிரிக்க வெள்ளைக் கலவை ஒயின்களுள், ஸ்வார்ட்லாண்ட் வட்டாரத்துப் பழங்கொடிகளிலிருந்து வருபவற்றுக்கு இன்று தனி மதிப்பு உண்டு. ஷெனின் ப்ளாங் என்னும் திராட்சையே அடிப்படை. பிற வெள்ளைத் திராட்சைகள் அதனோடு சேர்ந்து மணம் கூட்டும். கோப்பையில் வைக்கோலின் பொன்னிறம். முகர்ந்தால் மஞ்சள் ஆப்பிளும் பேரிக்காயும் தேனும். நாவில் ஒரு கனம். அக்கனம் திகட்டாமல் காக்கும் புளிப்பு. ஈற்றில் மெல்லிய உவர்ப்பு. நல்ல கலவை என்று நாம் தயங்காமல் சொல்லலாம். ஆயினும் மதிப்பீடு அவ்வளவில் முடிந்துவிடுகிறதா?

நன்னம்பிக்கை முனையின் டச்சுத் தலைவர் யான் வான் ரீபேக், அங்கு முதன்முதலாக ஒயின் பிழியப்பட்டதை 1659 பிப்ரவரி 2 அன்று தம் நாட்குறிப்பில் இறைவனுக்கு நன்றியுடன் பதிந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கோலாவையும் கினிக் கடற்கரையையும் சேர்ந்த மக்களை அடிமைகளாக ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்திருந்தன. பின்னர் மடகாஸ்கர், வங்கம், மலபார், நம் சோழமண்டலக் கரை எனப் பல இடங்களிலிருந்தும் மக்கள் கொண்டுசெல்லப்பட்டனர். 'வான் கொரமண்டல்' என்று கரையின் பெயரால் மட்டுமே குறிக்கப்பட்டவர்கள் அக்காலப் பதிவேடுகளில் இருக்கிறார்கள்.

அடிமை முறை 1834இல் ஒழிந்தது. தொழில் பழகுநர் என்ற பெயரில் கட்டாய வேலை 1838 வரை நீண்டது. கூலியில் ஒரு பகுதியை மட்டமான ஒயினாக அளக்கும் 'டாப்' முறையோ இருபதாம் நூற்றாண்டிலும் நெடுநாள் தொடர்ந்தது. தாயின் குடியால் கருவிலேயே குழந்தை பாதிக்கப்படும் நிலை உலகில் மிக அதிகமாகப் பதிவான இடங்களுள் மேற்கு கேப் மாகாணமும் ஒன்று.

கொடிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1918இல் தோன்றிய கே.டபிள்யூ.வி. கூட்டுறவு, உபரி ஒயினை வாங்கிக் காய்ச்சி வடித்தது. மிகுதியாக விளையும் 'ஸ்டீன்' பரவலாக நடப்பட்டது. அதுவே பிரான்சின் ஷெனின் ப்ளாங் என்பது 1960களில் உறுதியாயிற்று. மலிவுச் சரக்குக்கென நட்ட கொடிகள் முதிர்ந்து, காய்ப்பு குறைந்து, சாறு செறிந்தபின் ஏபன் சாடி போன்றோர் அவற்றைத் தேடிச் சென்றனர். அவருடைய 'பல்லாடியஸ்' கலவையின் முதல் ஆண்டு 2002. 2016இல் தொடங்கிய பழங்கொடித் திட்டம், 35 ஆண்டு கடந்த தோட்டங்களின் புட்டிகளுக்கு, கொடி நட்ட ஆண்டைக் குறித்த முத்திரை வழங்குகிறது.

அம்முத்திரை வரவேற்கத்தக்கதே. ஆனால் கொடியின் வயதை அறிவிக்கும் புட்டியில், அதை நட்டுக் கவாத்து செய்தவர்களின் பெயர் இல்லை. ஒயினின் செறிவை நாம் போற்றும்போது, அச்செறிவுக்கு வேண்டிய ஆண்டுகள் யாருடையவை என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.