கெர்னல்–டிரைவர் நினைவக இடைமுகம்

இயங்குதளத்தின் கெர்னலும், வட்டு, பிணைய அட்டை, கேமரா, வரைகலைச் சில்லு போன்றவற்றை இயக்கும் டிரைவர்களும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. டிரைவர் எவ்வளவு நினைவகம் கேட்கலாம், எந்தச் சூழலில் கேட்கலாம், அதன் முகவரியைச் சாதனத்திடம் எப்படிச் சொல்ல வேண்டும், எந்த நேரத்தில் அதை யார் தொடலாம், எப்போது திருப்பித் தர வேண்டும் என்பவற்றை வரையறுக்கும் செயற்கூறுகளும் விதிகளும் சேர்ந்ததே இந்த இடைமுகம். இக்கட்டுரை அதன் வளர்ச்சியைப் பெரிதும் லினக்ஸ் கெர்னலை வைத்து விளக்குகிறது. டிரைவர்களின் மூலநிரல் கெர்னலுடன் சேர்த்தே பராமரிக்கப்படுவதால், இடைமுகத்தின் ஒவ்வொரு மாற்றமும் அதன் காரணமும் அங்கே வெளிப்படையாகத் தெரிகின்றன.

சிக்கலின் தன்மை

கணினிக்குள் ஒரே பைட்டுக்கு மூன்று முகவரிகள் இருக்கலாம். நிரல் கையாள்வது மெய்நிகர் முகவரி. நினைவகச் சில்லு அறிந்தது பௌதிக முகவரி. பாட்டையில் இணைந்துள்ள சாதனம் அறிந்தது பாட்டை முகவரி. மையச் செயலகத்தின் உதவியின்றிச் சாதனமே நினைவகத்தைப் படிப்பதும் எழுதுவதும் நேரடி நினைவக அணுகல், சுருக்கமாக டிஎம்ஏ எனப்படுகிறது. சாதனத்துக்குத் தவறான முகவரி போய்விட்டால் வேறொருவரின் தரவு சத்தமில்லாமல் அழியும். அதன் விளைவு நெடுநேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் வெளிப்படும்.

செயலகத்தின் வேக இடைநினைவகமான கேஷ் இரண்டாவது சிக்கல். செயலகம் எழுதிய புதிய மதிப்பு இன்னும் கேஷிலேயே இருக்கும்போது சாதனம் நினைவகத்தைப் படித்தால் பழைய மதிப்பே கிடைக்கும். எக்ஸ்86 கணினிகளில் வன்பொருளே இதைச் சரிசெய்துவிடுகிறது. பல ஆர்ம், மிப்ஸ் கணினிகளில் அந்தப் பொறுப்பு மென்பொருளுடையது.

முன்னோடிகள்

டெக் நிறுவனத்தின் பிடிபி-11/70 கணினி (1975) 22 பிட் முகவரியால் 4 எம்பி நினைவகத்தை எட்டியது. ஆனால் அதன் சாதனங்கள் இணைந்திருந்த யூனிபஸ் பாட்டைக்கு 18 பிட்தான். அதாவது 256 கேபி. இடைவெளியை நிரப்ப, 8 கேபி துண்டுகளாக முகவரியை மாற்றித் தரும் பதிவகங்களின் தொகுதி ஒன்று வன்பொருளில் வைக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் அந்தத் தொகுதியை ஒதுக்கித் தர ஒரு செயற்கூறு இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு டிரைவர் மட்டுமே அதைப் பெறும். மற்றவை முறை வரும்வரை உறங்கும். சாதனத்தின் குறைபாட்டைக் கெர்னல் ஈடுசெய்வது என்ற கருத்து அங்கேயே தொடங்கிவிட்டது.

1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்டி, தொடக்கத்திலிருந்தே எக்ஸ்86 தவிர வேறு செயலகங்களிலும் ஓடுமாறு வடிவமைக்கப்பட்டது. அதன் டிரைவர்கள் பௌதிகப் பக்கங்களைப் பட்டியலிடும் ஒரு விவரிப்பையும், முகவரி மாற்றத்துக்கான ‘அடாப்டர்’ பொருளையும் பயன்படுத்தின. வன்பொருள் வேறுபாடுகள் டிரைவரின் பார்வைக்கே வரவில்லை.

பிசியின் மரபு

1991-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியது ஒரு 386 பிசியில். அந்தப் பிசியின் டிஎம்ஏ கட்டுப்படுத்திக்கு இரண்டு தடைகள் இருந்தன: 24 பிட் முகவரி என்பதால் முதல் 16 எம்பிக்கு மேல் எட்டாது, 8 பிட் தடங்களில் ஒரு பரிமாற்றம் 64 கேபி எல்லையைத் தாண்டக் கூடாது. இதனால் நினைவகம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, முதல் 16 எம்பி டிஎம்ஏ மண்டலமாயிற்று. 32 பிட் எக்ஸ்86-இல் கெர்னல் நேரடியாகத் தொடக்கூடியது ஏறத்தாழ 896 எம்பி மட்டுமே; அதற்கு மேற்பட்டது உயர் நினைவக மண்டலம்.

டிரைவர் நினைவகம் கேட்கும் வழியும் இக்காலத்தில் உருவானது. ‘கேமலாக்’ செயற்கூறிடம் அளவுடன் ஒரு கொடியையும் தர வேண்டும். காத்திருக்க முடிந்த சூழலில் ஒரு கொடி. குறுக்கீட்டைக் கையாளும்போது, உறங்கவே கூடாத சூழலில் இன்னொன்று. பின்னதற்கு அவசர இருப்பிலிருந்தும் நினைவகம் கிடைக்கும், கிடைக்காமலும் போகலாம். எவ்வளவு வேண்டும் என்பதோடு எந்த நிலைமையில் கேட்கிறேன் என்பதையும் டிரைவர் சொல்லியாக வேண்டும் என்பது காலத்தால் அழியாத வடிவமைப்பு முடிவு. அதன் பின்னே இயங்கும் ஒதுக்கீட்டு முறை பலமுறை மாறியது. சன் நிறுவனத்தின் ஜெஃப் போன்விக் 1994-இல் வெளியிட்ட ‘ஸ்லாப்’ முறை லினக்ஸுக்கு வந்தது. கிறிஸ்டோஃப் லாமீட்டர் எழுதிய ‘ஸ்லப்’ 2007-இல் சேர்ந்தது. 2024-இன் 6.8 பதிப்பில் பழைய ஸ்லாப் நீக்கப்பட்டது. டிரைவர்கள் அழைக்கும் ‘கேமலாக்’ மட்டும் அப்படியே நின்றது.

சாதனத்துக்கு முகவரி சொல்வதில் நிலைமை வேறு. ‘விர்ட் டு பஸ்’ செயற்கூறு மெய்நிகர் முகவரியைக் கணக்கிட்டுப் பாட்டை முகவரியாக்கும். பிசியில் இது போதுமானதாக இருந்தது. ஸ்பார்க், ஆல்ஃபா கணினிகளில் சாதனத்துக்கும் நினைவகத்துக்கும் இடையே முகவரி மாற்றும் வன்பொருள் இருந்ததால் அங்கே எந்தக் கணக்கும் உதவாது. முகவரியைக் கேட்கும் கணத்தில் அங்கே ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும். வேலை முடிந்ததும் அது விடுவிக்கப்பட வேண்டும். அந்தப் பழைய செயற்கூற்றில் விடுவிப்பு என்ற படியே கிடையாது.

டிஎம்ஏ இடைமுகம்

திருப்புமுனை 1990-களின் இறுதியில் வந்தது. நெட்பிஎஸ்டி திட்டத்துக்காக ஜேசன் தோர்ப் உருவாக்கிய, கணினி வகையைச் சாராத டிஎம்ஏ சட்டகம் 1998-இல் யூசெனிக்ஸ் மாநாட்டில் வெளியானது. லினக்ஸில் டேவிட் மில்லர், ரிச்சர்ட் ஹெண்டர்சன், யாகுப் யெலினெக் ஆகியோர் பிசிஐ பாட்டையின் சாதனங்களுக்கான டிஎம்ஏ இடைமுகத்தின் வழிகாட்டியை எழுதினர். 2001 ஜனவரியில் வெளிவந்த 2.4 பதிப்பில் அந்த இடைமுகம் நிலைபெற்றது.

அதன் உள்ளடக்கம் மூன்று கடமைகள். முதலாவதாக, தன் சாதனம் எத்தனை பிட் முகவரியை எட்டும் என்பதை டிரைவர் ஒரு முகமூடி எண்ணால் அறிவிக்கிறது. பிராட்காமின் சில பிணையச் சில்லுகள் 30 பிட், அதாவது 1 ஜிபி மட்டுமே எட்டுவன. இரண்டாவதாக, நினைவகத்தின் வகையைச் சொல்கிறது. செயலகமும் சாதனமும் எந்நேரமும் பார்க்கும் ஒத்திசைந்த நினைவகம் ஒரு வகை. ஒரு பரிமாற்றத்துக்காக மட்டும் இணைக்கப்பட்டு விடுவிக்கப்படுவது இன்னொன்று. மூன்றாவதாக, தரவு எந்தத் திசையில் போகிறது என்பதைச் சொல்கிறது. இணைத்த கணத்திலிருந்து விடுவிக்கும்வரை அந்நினைவகம் சாதனத்துக்கே உரியது. செயலகம் இடையில் பார்க்க வேண்டுமானால் ஒத்திசைவுச் செயற்கூற்றை அழைக்க வேண்டும்.

இந்த உரிமை விதிதான் இடைமுகத்தின் உயிர்நாடி. டிரைவர் முகவரிக் கணக்கைக் கைவிட்டுத் தேவையையும் எல்லையையும் மட்டும் சொல்கிறது. மற்றவற்றைக் கெர்னல் பார்த்துக்கொள்கிறது: கேஷைத் துடைக்கலாம், முகவரி மாற்றியில் இடம் ஒதுக்கலாம், சாதனம் எட்டாத இடமென்றால் எட்டும் இடத்தில் உள்ள இடைத் தாங்கலுக்குத் தரவை நகலெடுக்கலாம். இந்த நகலெடுப்பு ஏற்பாடான ‘எஸ்டபிள்யூ-ஐஓடிஎல்பி’ இயல்பாக 64 எம்பி எடுத்துக்கொள்கிறது.

ஜேம்ஸ் பாட்டம்லி இந்த இடைமுகத்தை எல்லாப் பாட்டைகளுக்கும் பொதுவாக்கினார்; 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் அது பரவலாயிற்று. ஐஓஎம்எம்யூ எனப்படும், சாதனங்களுக்கான முகவரி மாற்றியில் இன்டெலின் வகைக்கான ஆதரவு 2008 ஜனவரியிலும், ஏஎம்டியின் வகைக்கானது அதே ஆண்டு அக்டோபரிலும் சேர்ந்தன. விதியை மதித்து எழுதப்பட்ட டிரைவர்கள் ஒரு வரி மாறாமல் புதிய வன்பொருளில் ஓடின.

விதிமீறல்களும் கண்காணிப்பும்

எக்ஸ்86 கணினி மன்னித்துவிடுவதால் பல டிரைவர்களில் தவறுகள் தெரியாமலே தங்கின. அவற்றை ஓடும்போதே பிடிக்க யோர்க் ரோடல் எழுதிய சோதனை வசதி 2009-இல் 2.6.30 பதிப்பில் வந்தது. விடுவிக்காத இணைப்பு, பொருந்தாத அளவு, தவறான திசை ஆகியவற்றை அது சுட்டிக்காட்டுகிறது.

தவறின் விலை 2016 டிசம்பரில் வெளிப்பட்டது. 4.9 பதிப்பில், பாதுகாப்புக்காகக் கெர்னலின் அடுக்கு நினைவகம் எக்ஸ்86-64-இல் மெய்நிகராக இணைக்கப்பட்ட பக்கங்களுக்கு மாற்றப்பட்டது. அடுக்கிலுள்ள மாறிகளை டிஎம்ஏவுக்குத் தரக் கூடாது என்பது பழைய விதி. அதை மீறிய யுஎஸ்பி டிரைவர்கள் பல செயலிழந்து, ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன.

திருப்பித் தருதல்

டிரைவர் தொடங்கும்போது நடுவில் ஒரு படி தோற்றால், அதுவரை வாங்கிய அனைத்தையும் தலைகீழ் வரிசையில் விடுவிக்க வேண்டும். இந்தப் பகுதி அரிதாகவே ஓடுவதால் பிழைகள் மலிந்த இடம். தேஜுன் ஹியோ 2007-இல் கொண்டுவந்த மேலாண்மை வளங்கள் முறையில் நினைவகம் சாதனத்தோடு பிணைக்கப்படுகிறது. சாதனம் விலகும்போது கெர்னலே அதை விடுவிக்கிறது. எதிர்த் திசையிலும் ஒரு வழி உண்டு. நினைவகம் குறையும்போது கெர்னல் டிரைவரை அழைத்து, விட்டுத்தரக்கூடியதைக் கேட்கும் ‘ஷ்ரிங்கர்’ அது. பெருமளவு நினைவகத்தைப் பிடித்துவைக்கும் வரைகலை டிரைவர்களுக்கு இது இன்றியமையாதது.

பகிர்தலும் தொடர்ச்சியும்

கைபேசிகள் புதிய தேவையைக் கொண்டுவந்தன. 1920×1080 அளவுள்ள படம் ஒன்று, புள்ளிக்கு 4 பைட் வீதம், சுமார் 8 எம்பி. கெர்னலின் பக்க ஒதுக்கீட்டு முறை அக்காலத்தில் வழக்கமாகத் தொடர்ச்சியாகத் தந்தது அதிகபட்சம் 4 எம்பி. முகவரி மாற்றி இல்லாத கேமராவுக்கும் வீடியோச் சில்லுக்கும் தொடர்ச்சியான நினைவகம் தேவைப்பட்டதால், தொடக்கத்திலேயே ஒரு பகுதி ஒதுக்கிப் பூட்டிவைக்கப்பட்டு வீணாயிற்று. சாம்சங்கின் மாரெக் ஷிப்ரோவ்ஸ்கி, மிகாவ் நசரேவிச் ஆகியோரின் தொடர் நினைவக ஒதுக்கி 2012-இல் 3.5 பதிப்பில் சேர்ந்தது. ஒதுக்கிய பகுதியை, இடம்பெயர்க்கக்கூடிய பக்கங்களுக்கு அது கடன் கொடுக்கிறது. சாதனம் கேட்கும்போது அவற்றை நகர்த்தி இடத்தை மீட்கிறது.

அதே ஆண்டு 3.3 பதிப்பில் சுமித் செம்வால் எழுதிய ‘டிஎம்ஏ-பஃப்’ வந்தது. கேமரா எடுத்த படத்தை நகலெடுக்காமலே வரைகலைச் சில்லுக்கும் திரைக்கும் கைமாற்ற இது வழிசெய்தது. ஆண்ட்ராய்டு தனக்கென வைத்திருந்த ‘அயான்’ ஒதுக்கியின் இடத்தை 2020-இல் அறிமுகமான டிஎம்ஏ-பஃப் குவியல்கள் எடுத்துக்கொண்டன.

பயனர் பக்கங்கள்

பயன்பாட்டு நிரலின் பக்கங்களுக்கே சாதனம் நேரடியாக எழுதுவது வேகம் தரும், அபாயமும் அதிகம். ‘கெட் யூசர் பேஜஸ்’ செயற்கூறு பக்கத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் பிடித்தவர் வெறுமனே பார்க்கிறாரா, சாதனத்தை எழுதவிடுகிறாரா என்பது கெர்னலுக்குத் தெரியாது. கோப்பு முறைமை ஒரு பக்கத்தை வட்டில் எழுதி முடித்துச் சுத்தமானது எனக் குறித்த பிறகும் சாதனம் அதில் எழுதக்கூடும். என்விடியாவின் ஜான் ஹப்பார்ட் முன்னெடுத்த ‘பின் யூசர் பேஜஸ்’ 2020-இல் 5.6 பதிப்பில் வந்தது. சாதாரணப் பக்கங்களின் பிடிப்பு எண்ணிக்கையில் இது ஒன்றுக்குப் பதில் 1,024-ஐக் கூட்டி, சாதனத்துக்காகப் பிடிக்கப்பட்டிருப்பதை வேறுபடுத்திக் காட்டுகிறது.

பக்கத்தைப் பிடிக்காமலே வேலை செய்யும் வழியும் உருவானது. ஆண்ட்ரியா ஆர்க்காஞ்செலியின் அறிவிப்பு ஏற்பாடு (2008), பக்கம் இடம் மாறும் முன் டிரைவருக்குச் செய்தி அனுப்புகிறது. அதன் மேல் ஜெரோம் கிளிஸ் கட்டிய பல்வகை நினைவக மேலாண்மை 2017-இல் சேர்ந்தது. நிரலும் வரைகலைச் சில்லும் ஒரே முகவரி வெளியைப் பகிர இது உதவுகிறது.

பாதுகாப்பு, வேகம், மொழி

2019-இல் வெளியான ‘தண்டர்கிளாப்’ ஆய்வு, தண்டர்போல்ட் வழியே செருகப்படும் தீய சாதனம் ஐஓஎம்எம்யூ இருக்கும்போதுகூடத் தரவைத் திருடலாம் எனக் காட்டியது. சாதனத்தை நம்பலாம் என்ற பழைய அனுமானம் உடைந்தது. 2018-இல் வெளிப்பட்ட ஸ்பெக்டர் பலவீனத்துக்கான தற்காப்பு, மறைமுக அழைப்புகளை மெதுவாக்கியது. டிஎம்ஏ செயற்கூறுகள் அத்தகைய அழைப்புகள் வழியே இயங்கின; ஒவ்வொரு பிணையப் பொட்டலத்துக்கும் டிஎம்ஏ இணைப்பு தேவைப்படுவதால், நேரடி இணைப்புக்குக் குறுக்குவழி அமைக்கப்பட்டது.

ரஸ்ட் மொழிக்கான அடித்தளம் 2022 டிசம்பரில் 6.1 பதிப்பில் சேர்ந்தது. ஒத்திசைந்த டிஎம்ஏ நினைவகத்துக்கான ரஸ்ட் உறையைச் சேர்ப்பது 2025-இல் கடும் விவாதமாகி, பின்னர் ஏற்கப்பட்டது. சி, ரஸ்ட் ஆகிய இரு மொழிகளிலும் இடைமுகத்தைப் பராமரிக்கும் சுமை யாருடையது என்பதே அங்கு எழுந்த கேள்வி.

மதிப்பீடு

நல்ல இடைமுகத்தை லினக்ஸுக்குக் கற்றுக்கொடுத்தவை பிசி அல்லாத கணினிகளே. எக்ஸ்86-உடன் நின்றிருந்தால் ‘விர்ட் டு பஸ்’ போதும் என்றே தோன்றியிருக்கும். விண்டோஸ் ஒருமுறை கவனமாக வகுத்து நெடுங்காலம் காக்கும் வழியில் சென்றது. லினக்ஸ் உள் இடைமுகங்களை நிலையானவை என வாக்களிப்பதில்லை. மாற்றுபவரே எல்லா டிரைவர்களையும் திருத்த வேண்டும் என்ற மரபைப் பின்பற்றுகிறது. அந்த உழைப்பு நீண்டது: பிசிஐ சார்ந்த பழைய டிஎம்ஏ செயற்கூறுப் பெயர்கள் நீங்கியதும், ‘விர்ட் டு பஸ்’ செயற்கூறு பெரும்பாலும் நீங்கியதும் 2022-இல்தான். ஆனால் அந்த உழைப்பால்தான் ஒரு பழைய பிணைய அட்டையின் டிரைவர் இன்று ஐஓஎம்எம்யூவின் காவலுக்குள் ஓடுகிறது. தேவையைச் சொல், எல்லையைச் சொல், உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை மதி என்ற ஒப்பந்தம் டிரைவரை எழுதியவர் கற்பனை செய்யாத வன்பொருளுக்கும் அதைக் கொண்டுசேர்த்திருக்கிறது.