அல் ஐனில் காவலும் பிணையும்: ஒரு பாலைச்சோலை நகரின் பாதுகாப்பு வரலாறு

அல் ஐன் நகரில் பணிபுரியும் தமிழர் பலரும் அந்நகரைப் பற்றி முதலில் கூறுவது, அங்கே நள்ளிரவிலும் அச்சமின்றி நடக்கலாம் என்பதாகும். இக்கூற்றில் மிகையில்லை. ஆயினும் ஒரு நகரில் களவும் கொலையும் அரிது என்பது நிகழ்காலச் செய்தி; அந்த அமைதி எவ்வாறு உருவாயிற்று, அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது வரலாற்றுக்குரிய வினா. அல் ஐனில் ஒருவருடைய பாதுகாப்பு, அவருக்காகப் பிணை நிற்கும் இன்னொருவரையே நெடுங்காலம் சார்ந்திருந்தது என்பதும், புலம்பெயர் தொழிலாளரைப் பொறுத்தவரை அந்நிலை இன்னும் முற்றாக அகலவில்லை என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

அபுதாபிக்குக் கிழக்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், ஓமன் எல்லையை ஒட்டி அமைந்தது அல் ஐன். புரைமிச் சோலை எனப் பழைய ஆவணங்கள் குறிக்கும் ஒன்பது ஊர்களுள் ஆறு அபுதாபியையும், புரைமி, ஹமாஸா, ஸஅரா ஆகிய மூன்றும் ஓமனையும் சார்ந்தன. ஃபலஜ் எனப்படும் கால்வாய்கள் கொணரும் நீரும், அந்நீரால் விளையும் பேரீச்சையும் இவ்வூர்களின் செல்வம். அச்செல்வத்தைக் காக்கவே ஊருக்கு ஊர் மண்கோட்டைகள் எழுந்தன. 1890களில் கட்டப்பட்ட அல் ஜாஹிலி அவற்றுள் பெரியது. கோட்டைக்கு வெளியே, பாலையில், வழிப்போக்கனுக்குக் காவல் ஒன்றே: அவன் கடக்கும் நிலத்துக்குரிய குலத்தைச் சேர்ந்த ஒருவனை ‘ரஃபீக்’ எனும் வழித்துணையாக அழைத்துச் செல்வது. துணைவனின் குலம் வழிப்போக்கனுக்கும் பொறுப்பேற்றது. துணையற்றவன் கொள்ளைக்கு இலக்கானான்.

அன்றைய குற்றங்களுள் கொடியது ஆள்கடத்தல். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஹமாஸாவில் அடிமை வாணிகம் நடந்தது. பிடிக்கப்பட்டோர் அங்குக் கைமாறி மேற்கே சவூதிப் பகுதிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1951இல் பிரித்தானியர் ஷார்ஜாவில் அமைத்த ட்ரூஷியல் ஓமன் லெவிப் படைக்கு இடப்பட்ட பணிகளுள் இவ்வாணிகத்தை ஒடுக்குவதும் ஒன்று. ஆனால் அடுத்த ஆண்டே சவூதி அதிகாரியொருவர் சிறு படையுடன் ஹமாஸாவில் வந்தமர்ந்தமையால், எண்ணெய் வளத்தை நோக்கிய எல்லைப் பூசல் முன்னுக்கு வந்தது. காவலரும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவராக இல்லை. 1953 நவம்பரில் அப்படையின் தலைமை அதிகாரி புரைமியில் தம் படைவீரர் சிலராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1955 அக்டோபர் 26 அன்று சவூதிப் பிரிவு வெளியேற்றப்பட்ட பின்னரே சோலையில் ஓரளவு நிலையான ஆட்சி ஏற்பட்டது.

இவ்வாட்சியின் அடித்தளத்தை இட்டவர், 1946 முதல் அல் ஐன் பகுதியில் ஆட்சியாளரின் பிரதிநிதியாக இருந்த ஷேக் ஸாயித் பின் சுல்தான். நீர்ப்பங்கீட்டுப் பூசல்களைத் தீர்த்ததும் புதிய ஃபலஜ் வெட்டியதும் அவருடைய தொடக்கப் பணிகள்; தண்ணீர்ச் சண்டை ஓய்ந்தால் பாதிக் குற்றம் ஓயும் என்பதை நம் காவிரிப் பாசன ஊர்களும் அறியும். 1948இல் அவர் எழுப்பிய அல் முரப்பா கோட்டை பின்னர்க் காவல் நிலையமாயிற்று. அபுதாபிக் காவல்துறை 1957இல் தோன்றியது. குலக்காவல் அரசுக்காவலாக மாறிய கதையை அந்த ஒரு கட்டடத்திலேயே காணலாம்.

தமிழகத்திலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. அதன் விளைவோ வேறு. சோழர் கல்வெட்டுகள் ‘பாடிகாவல்’ என்ற வரியைக் குறிக்கின்றன. பிற்காலத்தில் தென்மாவட்டங்களில் காவல்காரர்கள் ஊரிடம் காவற்கூலி பெற்றனர். களவு போனால் பொருளை மீட்கவோ ஈடு செய்யவோ கடமைப்பட்டனர். காலனி அரசு இம்முறையை ஒழித்ததோடு நில்லாமல், காவல் செய்த சமூகங்களையே குற்றப்பரம்பரையினராக்கியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்த பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. வளைகுடாவில் பழங்குலத்தார் படையிலும் காவல்துறையிலும் சேர்க்கப்பட்டுக் குடிகளாயினர். காவல்காரன் காவலராவதும் குற்றவாளியாவதும் அவனுடைய இயல்பினால் நேர்வதன்று. அரசு வகுக்கும் சட்டத்தினால் நேர்வது.

இவ்வரையறை வினா புலம்பெயர்ந்தோரிடம் மீண்டும் எழுகிறது. 1971இல் கூட்டாட்சி அமைந்த பின் அல் ஐனின் தோட்டங்களுக்கும் கட்டுமானங்களுக்கும் ஸனாயியா எனும் தொழிற்பகுதியின் பட்டறைகளுக்கும் வந்த தொழிலாளிக்குக் குலம் இல்லை. அவனுக்குரியவர் ‘கஃபீல்’ மட்டுமே. அரபுச் சொல்லின் நேர்ப்பொருள் பிணையாளி. பழைய ரஃபீக்கின் இடத்தில் கஃபீல் நிற்கிறார் எனலாம். ஆனால் ரஃபீக் வழியின் முடிவில் விடைபெறுவார், கஃபீலோ பயணத்தையே தம் கையில் வைத்திருப்பார். ஊதியம் கிடைக்காத தொழிலாளி பணியிடத்தை விட்டு நீங்கினால், ‘தலைமறைவானவர்’ என்று முதலாளி முறையிடலாம். அக்கணமே பாதிக்கப்பட்டவன் சட்டத்தை மீறியவனாகிறான். தெருவில் களவு நடவாத நகரில், அறைக்குள் பூட்டப்பட்ட கடவுச்சீட்டு களவுக் கணக்கில் சேர்வதில்லை. 2009இல் வந்த ஊதியப் பாதுகாப்பு முறையும், தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பிடித்து வைப்பதைத் தடை செய்யும் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் இக்குறையை ஓரளவு களைந்துள்ளன என்பதையும் பதிவு செய்தல் நேர்மை.

வன்குற்றம் நேரும்போது பிணையின் வினா இன்னும் கூர்மையாகிறது. 2015இல் அல் ஐனில் கள்ளச்சாராய விற்பனை தொடர்பான கைகலப்பில் பாகிஸ்தானியர் ஒருவர் கொல்லப்பட்டார். பஞ்சாபைச் சேர்ந்த பத்து இந்தியத் தொழிலாளருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. இசுலாமியச் சட்டத்தின்படி, கொல்லப்பட்டவரின் குடும்பம் ‘தியா’ எனும் குருதிப்பணத்தை ஏற்று மன்னிக்கலாம். பழங்காலத்தில் அப்பணத்தைக் குற்றவாளியின் குலம் கூடிச் செலுத்தியது. கூலித் தொழிலாளரின் குடும்பங்களால் அது இயலாது. 2017இல் துபாயைச் சேர்ந்த இந்தியத் தொழிலதிபர் எஸ்.பி.எஸ். ஓபராய் முன்னின்று பணத்துக்கு ஏற்பாடு செய்தார். குடும்பத்தின் மன்னிப்பு அல் ஐன் நீதிமன்றத்தில் அளிக்கப்பட்டு, பத்துப் பேரும் மரணதண்டனையிலிருந்து தப்பினர்.